பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிய வண்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே கழித்துப் போட்ட மரப்பெட்டிகளை வாங்கி, ஆணியைப் பிடுங்கி நிமிர்த்தி, அதே பலகையில் அதே ஆணியை அடித்து, சரக்கு அடுக்கும் பேலட்டாக்கி அதே கம்பெனிக்கு விற்றேன். அப்படி ஆரம்பித்த பட்டறைதான் இன்றைக்குத் தகரக் கொட்டகையும் இழைப்பு இயந்திரமும் சொந்தச் சரக்கு வண்டியுமாக ஓசூரில் நிற்கிறது. பேங்கில் என்னை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லாத காலத்தில் ஆரம்பித்தது. பாறை நிலம், தண்ணீர் வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் போர் போட்டேன், வந்தது. மாடி வைத்து வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் காலேஜ் படிக்க வைத்தேன், ஊர் மெச்சக் கல்யாணம் செய்தேன். ஒரு கையெழுத்துக்காக ஒருவரிடமும் போய் நிற்கவில்லை.

இதில் எந்த வேலையிலும் நான் பயந்ததில்லை. பயந்தது ஒரே ஒரு தரம், ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியபோது. அதுவும் எனக்கு வாங்கியதில்லை.

என் சின்ன மகள் பேரிகையில் குடியிருக்கிறாள். அங்கே ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் இடத்தில் மேற்பார்வை வேலை. மாப்பிள்ளை நாகரசம்பட்டிப் பக்கம், மாந்தோப்புக் குடும்பம். காய் விலை விழுந்து தோப்பு கைவிட்ட பிறகு, ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர வழி கிடைத்தது. திங்கட்கிழமை முதல் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் பேரிகைக்கு வராது. முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தாலும் கேட் மூடிய பிறகுதான் போய்ச் சேர முடியும். முதல் மூன்று மாதம் கான்ட்ராக்டர் பார்ப்பது கை வேலையை இல்லை, கேட்டுக்கு வந்து சேரும் நேரத்தை. மாப்பிள்ளையின் ஊர்க்காரர் ஒருவர் இப்படித்தான் வண்டி மக்கர் செய்து தாமதமாகப் போக, அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஆக, திங்கட்கிழமைக்குள் வண்டி வேண்டும். வழியில் நிற்காத வண்டியாக வேண்டும். மகள் ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்த ஐம்பதாயிரம் இருந்தது. மேலே நான் போட்டுப் புதுசு எடுத்துத் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை.

"காசு வேணாங்க மாமா. நீங்க வந்து வண்டியப் பாத்துக் குடுங்க, அது போதும்."

காசு கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பார்த்துக் கொடுங்கள் என்றதுதான் பாரமாகிவிட்டது. வண்டி வழியில் சூளகிரிப் பாலத்தில் நின்றுவிட்டால் அங்கே நிற்பது வண்டி இல்லை, என் பேச்சு. மகளின் சீட்டுப் பணம் போகும், மாப்பிள்ளையின் வேலை போகும், என் கண் மீது இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

சனிக்கிழமை காலையில் நானும் மாப்பிள்ளையும் பாகலூர் ரோட்டில் ஒரு கன்சல்டிங்குக்குப் போனோம். பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். கடைக்காரன் வண்டிகளை வரிசையாகத் துடைத்து நிறுத்தியிருந்தான். நூற்றிருபத்தைந்து சிசி வண்டி ஒன்றைக் காட்டினான். மீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர், விலை ஐம்பதாயிரம்.

"கண்ண மூடிகினு எடுங்க பெரியவரே. சிங்கிள் ஓனர். பெங்களூர்ல ஐ.டி. பையன் வச்சிருந்தது. ஞாயித்துக்கெழம மட்டும்தான் வெளிய எடுப்பான்."

"மத்த நாளெல்லாம் யாரு ஓட்னாங்க?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை, குனிந்து பார்த்தேன். கால் வைக்கும் ரப்பர் இரண்டும் புதுசு. சீட்டு உறை புதுசு. பிரேக் பெடல் மட்டும் வரி வரியாக இருக்க வேண்டிய இரும்பு வழவழவென்று தேய்ந்து கண்ணாடி போல் மின்னியது. ரப்பரை மாற்றுகிறவன் பெடலை மாற்ற நினைப்பதில்லை. மீட்டர் பெட்டியின் திருகாணித் தலையில் கீறல் வேறு. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரைப் பதினெட்டாயிரத்துக்கு இறக்கியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. நம்பரும் கர்நாடகா நம்பர். இங்கே மாற்ற அந்த மாநிலத்து ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று தர வேண்டும்.

"என்.ஓ.சி. எங்க?"

"வந்துடும் பெரியவரே."

"எப்போ? வண்டி இருக்கறப்பவா, வண்டி போனப்புறமா?"

"இங்க பாதிப் பேரு கே.ஏ. நம்பர்லதான் சுத்தறாங்க. யாரு கேக்கறாங்க?"

கேட்கிற நாள் ஒன்று வரும், அது காலை ஷிப்ட் நாளாக இருக்கும். எழுந்து வந்துவிட்டேன்.

சாயந்திரம் மாப்பிள்ளை தன் போனில் விளம்பரம் பார்த்து ஒரு வண்டியைக் காட்டினார். நேராகச் சொந்தக்காரரிடமே வாங்குவது. ஹவுசிங் போர்டு பக்கம் அவர் வாடகை வீட்டுக்குப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஓசூரில் கம்பெனி வேலை. ஊர்ப் பக்கமே வேலை கிடைத்துக் குடும்பத்தோடு திரும்பிப் போகிறார், அதனால் விற்கிறார். தமிழ்நாட்டு நம்பர், ஆறு வருஷத்து வண்டி, மீட்டர் பதினாறாயிரம். விலை ஐம்பத்தைந்தாயிரம் சொன்னார். கன்சல்டிங்கில் நாற்பத்திரண்டுக்குக் கேட்டதாகவும், கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

வண்டி தூசியும் தும்புமாக நின்றது. அது எனக்குப் பிடித்தது. துடைக்காத வண்டி பொய் சொல்லாது. ஆனால் குனிந்து பார்த்ததும் கணக்கு உதைத்தது. கியர் லீவர் ரப்பர் கிழிந்து உள்ளே இரும்பு தெரிந்தது. இடது கால் ரப்பர் பாதி இல்லை. சாவியைப் போட்டால் பூட்டு தொளதொளவென்று ஆடியது. பதினாறாயிரம் ஓடிய வண்டிக்கு இவ்வளவு தேய்மானம் எப்படி வரும்? காலையில் ஒருவன் ஏமாற்றப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை.

"மீட்டரை எங்க திருப்புனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. "என்ன அண்ணாச்சி பேசுதிய? வேண்டாம்னா வேண்டாம்னுட்டுப் போங்க. நாளைக்கு வேற ஆள் வாராவ."

மாப்பிள்ளை என் கையைத் தொட்டார். "வண்டி நல்லாத்தான் தெரியுதுங்க மாமா."

"தெரியறது வேற மாப்ளே. வாங்க போலாம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பேரிகை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ரப்பரு கிழிஞ்சா வண்டி ஓடாதா?"

"உனக்கு என்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு ஞாயித்துக்கெழம, அது தெரியும்."

அவள் சொன்னது சரிதான். ஒரே ஒரு நாள் மிச்சம். என் கணக்குச் சரி என்றால் வண்டி இல்லை. வண்டி வேண்டும் என்றால் என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும். இப்படி ஒரு இக்கட்டில் நான் மாட்டியதே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பட்டறை முக்கில் டீ குடிக்கப் போனேன். அங்கே கம்பெனி பஸ் நிற்கும் இடம். ஞாயிறும் ஷிப்ட் ஓடும் கம்பெனிகள் உண்டு. ஆட்கள் வண்டியில் வந்து, பக்கத்தில் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, ஓடிப் போய் பஸ் ஏறுவார்கள். வருஷக்கணக்காகப் பார்க்கிற காட்சிதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஒருவன் வந்து நிறுத்தும்போது கியரைத் தட்டித் தட்டி இறக்கினான். காலில் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு வைத்து, அடியில் பல் பல்லாக இருக்குமே, அது. ஒவ்வொரு தட்டும் உளி போல் ரப்பரில் இறங்கியது.

டீயை வைத்துவிட்டு ஸ்டாண்டுக்குள் போனேன். ஒரு வண்டி பாக்கியில்லாமல் குனிந்து பார்த்தேன். புது வண்டி, பழைய வண்டி எல்லாவற்றிலும் கியர் ரப்பர் கிழிசல், இடது கால் ரப்பர் தேய்மானம். ஓரத்தில் பால்காரர் வண்டி ஒன்று நின்றது. தகரமே துருப்பிடித்த கிழ வண்டி, நாளெல்லாம் ஓடுவது. அதில் கியர் ரப்பர் உருண்டையாக அப்படியே இருந்தது. அவர் செருப்புக் காலோடு ஓட்டுகிறவர்.

ஸ்டாண்டுக்காரர் தெலுங்குக்காரர், பெரியவரே என்று தெலுங்கில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "ஏம் பெத்தாயனா! பெட்ரோல் டியூப்ப தடவறியா?"

"பெட்ரோல் எனக்கு எதுக்குய்யா. ரப்பரப் பாக்கறன்."

"ரப்பர் திருடறவன இன்னிக்கிதான் பாக்கறன் சாமி!"

டீக்கடையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திருநெல்வேலிக்காரரும் கம்பெனி ஆள்தானே. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு. கூப்பிடு தூரத்துக்குச் சாவி போட வேண்டும், நாலு கியரும் போட்டு இறக்க வேண்டும். சாவித் துவாரமும் ரப்பரும் தேயும், மீட்டர் ஏறாது. அப்படியென்றால் பதினாறாயிரம் நிஜமாகவே இருக்கலாம். இருக்கலாம்தான். இருக்கலாம் என்பதை நம்பி மகளின் பணத்தைப் போட முடியாது. ரப்பர் சாட்சி சொல்லாது என்று தெரிந்துவிட்டது, வேறு சாட்சி வேண்டும்.

டயர் ஞாபகம் வந்தது. என் சரக்கு வண்டிக்கு ஒருவன் கிடப்பில் கிடந்த பழைய டயரைப் புதுசு என்று மாட்டிவிட்ட நாளிலிருந்து, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நாலு எண்ணைப் படிக்காமல் நான் டயர் வாங்குவதில்லை. முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், பின் இரண்டு எண் எந்த வருஷம். வண்டியோடு பிறந்த டயரே இன்னும் ஓடுகிறதென்றால், அதில் பள்ளமாக ஓடும் வெட்டும் மிச்சம் இருக்கிறதென்றால், அந்த வண்டி ஐம்பதாயிரம் ஓடியிருக்க வழியே இல்லை. பின் டயர் அதற்குள் வழுக்கை ஆகியிருக்கும்.

நேற்று ரப்பரைப் பார்த்ததும் எழுந்து வந்ததில் டயரைப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்து ஹவுசிங் போர்டுக்கு ஓடினேன்.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் வண்டி இல்லை.

வேறு ஆள் வருவார் என்றாரே, வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் போல. பக்கத்து வீட்டில் கேட்டேன், தெரியாது என்றார்கள். மாப்பிள்ளைக்குப் போன் போட எடுத்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் பையில் வைத்தேன். படியில் உட்கார்ந்தேன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்ப்பேன், வேறு வண்டியாக இருக்கும். வெயில் படியில் ஏறி என் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது.

கடைசியில் அதே வண்டி வந்தது. அவர், அவர் மனைவி, நடுவில் குழந்தை. ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முன் டயரைப் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, நேத்து திருட்டுப் பட்டம் கட்டிட்டுப் போனிய. இன்னைக்கு வாசல்ல உக்காந்திருக்கிய."

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்று மண்டியிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை. எண்ணின் மேல் மண் அப்பியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். விரலால் தடவித்தான் படித்தேன். முன் டயர், ஆறு வருஷத்துக்கு முந்தினது. பின் டயர், அதே வருஷம். அவரிடம் ஆர்.சி. கேட்டு வாங்கினேன். வண்டியும் அதே வருஷம். பின் டயரில் பாதி வெட்டு இன்னும் இருந்தது.

எழுந்தேன். "உங்க மீட்டரு சரியா இருக்குதுங்க. நேத்து சொன்ன வார்த்தைய எடுத்துக்கறன்."

அவர் ஆர்.சி.யை வாங்கிப் பையில் வைத்தார். மனைவிதான் சொன்னாள். "உள்ள வாங்க. வெயில்ல எவ்வளவு நேரமா இருக்கிய? தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேருவதற்குள் அந்த இன்னொரு ஆள் வந்துவிடக் கூடாதே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது மாப்பிள்ளைதான். கடன் பாக்கி, அபராதம் ஏதாவது இருக்கிறதா என்று போனில் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அது அவர் செய்த வேலை, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. மைலேஜ் லிட்டருக்கு ஐம்பத்தைந்து தரும் என்று விற்பவர் சொன்னார். சொல்லுக்கு நான் வண்டி எடுப்பதில்லை. பெட்ரோல் பங்கில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டேங்கின் கழுத்து வரை தளும்ப நிரப்பச் சொன்னேன். மாப்பிள்ளை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஹைவேயில் சூளகிரி வரைக்கும் போய்த் திரும்புவது. கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. இந்த ரோட்டில்தான் இவர் தினமும் இருட்டோடு வரப்போகிறார் என்று நினைத்ததும் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்குதுங்களா மாமா?"

"எனக்கென்ன பயம். கல்லப் பாக்கறன், பேசாம ஓட்டுங்க."

பார்த்தது ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லைத்தான். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் மீட்டர் சரியாக ஒன்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியது. மீட்டர் மெதுவாக ஓடினால் மைலேஜ் கணக்கே பொய். திரும்பி வந்து அதே பங்கில், அதே பம்பில், அதே கழுத்து வரை நிரப்பினோம். கணக்குப் போட்டதில் நாற்பத்தெட்டு வந்தது. இரண்டு ஆள் பாரம், எதிர்க்காற்று. ஒரு ஆளுக்கு ஐம்பதுக்கு மேலே தரும். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிய வண்டிக்கும் நோய் உண்டு. சூடு ஏறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி, சைலன்சருக்குள் ஈரம் தங்கி அடியில் அரித்திருந்தது. பேட்டரிக்குச் சார்ஜே ஏறியதில்லை. செல்ஃப் ஸ்டார்ட் முனகியது. டயர் வெட்டு இருந்தாலும் ஆறு வருஷ வெயிலில் கல்லாகிவிட்டது. மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். கன்சல்டிங்காரன் வாங்கும் விலை ஒரு ஓரம், விற்கும் விலை ஒரு ஓரம். நியாயமான விலை நடுவில் எங்கோ இருக்கிறது. அதிலிருந்து செலவைக் கழிக்க வேண்டும். இதுதான் என் கணக்கு. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் கையை உதறினார். "நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம்! நேத்து ரொம்ப ஓடிட்டுன்னு வேண்டாம்னிய. இன்னைக்கு ஓடவே இல்லன்னு விலையக் குறைக்கிய!"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தாறாயிரத்துக்கு முடிந்தது. இரண்டு டயரும் பேட்டரியும் அன்றைக்கே மாற்றினோம். சீட்டுப் பணத்தில் மிச்சம் போக டயருக்குக் குறைந்ததை நான் போட்டேன். அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியலில் ஹைவே ஓரத்தில் போய் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பனியில் லாரி விளக்குகள் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு ஒற்றை விளக்கும் அவர்தானோ என்று இருக்கும். நேரம் ஆக ஆக, செயின் அறுந்திருக்குமோ, புது டயர் என்று சறுக்கியிருக்குமோ என்று மனம் கண்டபடி ஓடியது. பிறகு ஒரு வண்டி சீராகச் சத்தம் போட்டுக்கொண்டு என்னைக் கடந்தது. மாப்பிள்ளைதான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதே நல்லது, ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள். "உள்ள போயிட்டாராம் ப்பா. கேட்டுல அவருதான் முன்னாடியாம்."

அந்த மூன்று மாதத்தில் வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. ஒருநாள்கூட லேட் இல்லை. இப்போது கம்பெனியே அவரை நேராக எடுத்துக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை அதற்காக மகள் வீட்டில் கறி விருந்து. என் மைத்துனர் வாசலில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்து, "நல்ல வண்டியா மாட்டியிருக்குதே. யாரு பாத்து எடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க, போன்ல பாத்தன். பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு, நல்ல வண்டின்னு" என்றார் மாப்பிள்ளை.

மகள் குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "எங்கப்பா வேணான்னுதான் மாமா சொன்னாரு. மீட்டர திருப்பிட்டாங்கன்னு சண்டையே போட்டுட்டு வந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும்தான். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். பந்தியில் சண்டை வேண்டாம் என்று அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வேண்டாம் என்று சொன்னது நான்தான். மாப்பிள்ளை நல்லா இருக்கிறது என்று சொன்னதும் நிஜம்தான். ஆனால் காலையில் அந்தக் கன்சல்டிங்கில் துடைத்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தும் அவர் நல்லா இருக்கிறது என்றுதான் சொன்னார். நல்லா இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஏன் நல்லா இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது யார்? பூட்டிய வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தது யார்? தெருவில் மண்டியிட்டு எச்சில் தொட்டு எண்ணைப் படித்தது யார்? சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டது யார்? நாற்பத்தாறுக்கு முடித்தது யார்?

அதனால் மகளே, மாப்பிள்ளை, நீங்கள் இருவரும் இதைப் படித்துவிட்டு ஒன்று செய்ய வேண்டும். அதே மைத்துனரைக் கூப்பிட்டு, நானும் என் வீட்டுக்காரியும் பக்கத்தில் இருக்கும்போது, அந்த வண்டியைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேரில் சொல்லுங்கள்.